விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போடுவது எப்படி?

"ஏம்ப்பா, இதுல பதினொண்ணு ஏறாதா?" என்று சித்தப்பா கேட்டார். அவர் மேசையில் இருந்தது 2013இல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவருடைய ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை, மனு, பயோடேட்டா என்று பத்து வருடத்துக்கும் மேலாக உழைத்த சாமான். விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் ஒரு அறிவிப்பு.

"ஏத்தலாம் சித்தப்பா. ஆனா ஏத்த வேணாம்" என்றேன். அவர் என்னை முறைத்தார். உங்கள் வீட்டிலும் இதே வயதில் ஒரு லேப்டாப் இருந்தால், அன்று அவருக்குச் சொன்னதும் செய்ததும் உங்களுக்கும் உதவும்.

ஏன் ஏறாது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம். இந்த இரண்டும் பழைய லேப்டாப்பில் இருக்கும். முட்டிக்கொள்வது மற்ற இரண்டில். ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. இன்னொன்று, செயலியின் வயது. இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பட்டியலில் கிடையாது. எட்டாம் தலைமுறை வந்ததே 2017இல்தான். ஆக, 2013ஆம் ஆண்டு லேப்டாப் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

குறுக்கு வழி உண்டு. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளில் விண்டோஸ் 11 பென்டிரைவ் தயாரிக்கும்போது, டிபிஎம் சோதனையை நீக்கட்டுமா என்று அதுவே கேட்கும். டிக் அடித்தால் ஏறிவிடும். ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்களே பென்டிரைவோடு உட்கார வேண்டும். கோர் 2 டியோ காலத்து லேப்டாப் என்றால் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 கேட்கும் சில கட்டளைகள் அந்தச் செயலிகளில் கிடையாது, டிக் அடித்தாலும் பூட் ஆகாது, அதாவது தொடங்கவே தொடங்காது. இதையெல்லாம் தாண்டி ஏறினாலும், 4 ஜிபி ராமிலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் அது ஓடாது, தவழும். அதனால்தான் ஏற்ற வேண்டாம் என்றேன்.

நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஓர் இயங்குதளம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அப்டேட் வரும், காசு கிடையாது. தமிழ்நாட்டில் படித்தவர்கள் பலருக்கு லினக்ஸ் அறிமுகமான பெயர்தான். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்து பார்க்காமலே படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

முதலில் லேப்டாப்பைப் பாருங்கள்

புதிதாகச் செய்பவர்கள் நேராக டவுன்லோடில் இறங்கிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசித் தொல்லைக்குக் காரணம் அதுதான். விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, செயலியின் பெயர். அது 64 பிட்டா என்பது முக்கியம். லினக்ஸ் மின்ட் 22 என்பது 64 பிட் மட்டுமே. சிஸ்டம் டைப் வரியில் எக்ஸ்64 என்று இருந்தால் கவலை இல்லை. எக்ஸ்86 என்று இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம், 64 பிட் செயலியில் 32 பிட் விண்டோஸைப் போட்டு வைத்திருக்கும் லேப்டாப்புகள் ஏராளம். செயலியின் பெயரை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடினால் உண்மை தெரிந்துவிடும். நிஜமாகவே 32 பிட் செயலி என்றால் டெபியன் 12 என்ற வேறொரு லினக்ஸ் இருக்கிறது. டெபியன் 13இல் 32 பிட் கணினிக்கான நிறுவியை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, பயாஸ் மோட் என்ற வரி. லெகசி என்று இருக்கும், அல்லது யூஇஎஃப்ஐ என்று இருக்கும். லேப்டாப் எந்த முறையில் பூட் ஆகிறது என்பதை இது சொல்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, ராம். 2 ஜிபி இருந்தாலும் மின்ட் ஏறும், ஆனால் பிரௌசரில் நாலு டேப் திறந்ததும் திணறும். 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மின்ட்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று பதிப்புகள் உண்டு. பழைய லேப்டாப்புக்கு யோசிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள். அழகில் ஒரு மாற்றுக் குறைவு, வேகத்தில் கூடுதல்.

ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தாலே குட், காஷன், பேட் என்று சொல்லிவிடும். காஷன் என்று வந்தால் அந்த டிஸ்க்கில் எதைப் போட்டாலும் வீண் வேலை. சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு மேலே படியுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தாலுமே எஸ்எஸ்டிக்கு மாற்றச் சொல்வேன். பழைய லேப்டாப்புக்குச் செலவழிக்கும் காசில் பலன் கண்ணுக்குத் தெரிவது அதில்தான். ராமும் சேர்க்கிறீர்கள் என்றால் கவனம்: நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் பெரும்பாலும் கேட்பது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். அதற்குச் சற்று முந்தியவை பெரும்பாலும் 1.5 வோல்ட் டிடிஆர்3. கடைக்காரரிடம் பழைய ராமைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது.

காப்பி எடுப்பது

ஃபார்மட் அடிக்கும் முன் காப்பி எடு என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எதையெதை என்பதில்தான் கோட்டை விடுகிறோம். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாம் நினைவில் இருக்கும். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள் மறந்துபோகும்.

தமிழ் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒருவருடைய கணினியில் கோப்புகள் அத்தனையையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு ஃபார்மட் அடித்தேன். திரும்பப் போட்டுத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துகளின் குப்பை. எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது. எழுத்துரு போனால் வேடம் கலைந்துவிடும். நான் கோப்பை எடுத்தேன், எழுத்துருவை விட்டுவிட்டேன். அதே எழுத்துருக்களை வேறொரு கணினியிலிருந்து தேடிப் பிடிப்பதற்குள் இரண்டு நாள் போய்விட்டது.

ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு காப்பி எடுங்கள். பாமினி, வானவில் என்று என்னவெல்லாம் இருக்கிறதோ எல்லாம் வந்துவிடும். மின்ட்டில் எழுத்துருக் கோப்பை இரண்டு முறை கிளிக் செய்தால் இன்ஸ்டால் பட்டன் வரும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வியையும் இங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். டாலி ஓடுகிறதா? ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்துகிறீர்களா? ஃபோட்டோஷாப்பில்தான் பத்திரிகை வடிவமைக்கிறீர்களா? ஆம் என்றால் விண்டோஸை முழுதாக அழிக்காதீர்கள். டாலியும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸுக்கென்று வருவதில்லை. டோக்கனை லினக்ஸில் ஓட்டுவது புதியவர்களுக்கான வேலை இல்லை. சித்தப்பா கடையில் டாலி கிடையாது, தப்பித்தோம்.

பென்டிரைவ்

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சொல்லிவிட்டேன். லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து, மின்ட் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்குங்கள், ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். ரூஃபஸைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, ஸ்டார்ட் கொடுங்கள். பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் அது தானாக வைத்திருப்பதை மாற்ற வேண்டாம், மின்ட்டின் ஐஎஸ்ஓ இரண்டு வகை லேப்டாப்பிலும் பூட் ஆகும்படி செய்யப்பட்டது. ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ. அது பூட் ஆகவில்லை என்றால் மறுபடி டிடியில் எழுதிப் பாருங்கள்.

இறக்கிய கோப்பு முழுமையானதா என்று சரிபார்க்கும் வழி மின்ட் தளத்திலேயே விளக்கப்பட்டிருக்கிறது. நெட் விட்டுவிட்டு வரும் ஊர்களில் இருப்பவர்கள் அதைத் தவிர்க்காதீர்கள். பாதி கெட்ட ஐஎஸ்ஓ நன்றாகவே பூட் ஆகி, நிறுவும்போது நடுவில் நின்று உங்களை மடக்கும்.

பூட் ஆகவே மாட்டேன் என்கிறதா?

புதியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் விண்டோஸை முழுதாக அணையுங்கள். சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் 10 உண்மையில் முழுதாக அணைவதில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டால் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்புறம் பென்டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய கையோடு பூட் மெனுவுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ, ஏசர், தோஷிபா லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். சில மாடல்களில் இந்த விசை பூட்டி வைக்கப்பட்டிருக்கும், பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் லேப்டாப்பின் அமைப்புத் திரை) போய் எஃப்12 பூட் மெனு என்ற வரியை எனேபிள் செய்தால்தான் வேலை செய்யும். பயாஸுக்குள் போக பெரும்பாலும் எஃப்2, எச்பியில் எஃப்10.

மெனுவில் பென்டிரைவ் பெயரே இல்லையா? போர்ட்டை மாற்றுங்கள். நீல நிறத்தில் இருப்பது யூஎஸ்பி 3 போர்ட். அந்தக் காலத்து பயாஸ்கள் சிலவற்றுக்கு அந்த போர்ட்டிலிருந்து பூட் செய்யத் தெரியாது. கறுப்பு போர்ட்டில் செருகினால் வந்துவிடும். சித்தப்பா லேப்டாப்பில் நாங்கள் இருபது நிமிடம் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான்.

ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிகிறதா? ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும். இப்போது அந்தத் தாளை எடுங்கள். பயாஸ் மோட் யூஇஎஃப்ஐ என்று எழுதியிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், லெகசி என்றால் மற்றதை. விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் மின்ட் போடுபவர்கள் இதில் மட்டும் பிசகக் கூடாது. ஒன்று ஒரு முறையிலும் மற்றது வேறு முறையிலும் இருந்தால், தொடக்க மெனுவில் இரண்டும் சேர்ந்து வராது.

பாதுகாப்பு மீறல் என்ற பொருளில் ஏதாவது செய்தி வந்து நின்றால், நம்பகமானதை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் என்ற காவலை பயாஸில் அணைத்துப் பாருங்கள். சில மாடல்களில் அந்த வரி சாம்பல் நிறத்தில், தொட முடியாமல் இருக்கும். அங்கே முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்று வைத்தால்தான் அது திறக்கும். வைத்த பாஸ்வேர்டை எழுதி வையுங்கள், அல்லது வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மறந்துபோனால் அப்புறம் உங்கள் பயாஸுக்குள் நீங்களே போக முடியாது.

பூட் ஆகிறது, மின்ட் சின்னம் வருகிறது, பிறகு திரை கறுத்துவிடுகிறது என்றால் அது கிராஃபிக்ஸ் டிரைவரின் கோளாறு. மறுபடி பூட் செய்து, முதல் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும்.

போடுவதற்கு முன் ஓட்டிப் பாருங்கள்

இப்போது திரையில் தெரிவது பென்டிரைவிலிருந்தே ஓடும் மின்ட். உங்கள் ஹார்ட் டிஸ்க்கை அது இன்னும் தொடவில்லை. நிறுவும் ஐகான் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும், அவசரப்பட வேண்டாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட் நகர்கிறதா, வெப்கேம் தெரிகிறதா, பிரின்டர் அச்சடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரின்டரை மறக்காதீர்கள், சில பழைய லேசர் பிரின்டர்களை லினக்ஸில் ஓட்டுவது பெரும்பாடு. கடைக்காரருக்கு பிரின்டர் ஓடாத லேப்டாப் எதற்கு? பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து வேகத்தை எடை போட வேண்டாம்.

வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால் அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. பழைய லேப்டாப்புகள் பலவற்றில் பிராட்காம் வைஃபை அட்டை இருக்கும், அதற்கான டிரைவர் தனியாகப் போட வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும். நிறுவி முடித்த பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை அதுவே காட்டும்.

நிறுவுதல்

சார்ஜரைச் செருகுங்கள். பழைய லேப்டாப்பின் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். பாதி நிறுவலில் கரன்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், விண்டோஸும் போயிருக்கும் மின்ட்டும் வந்திருக்காது. யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஊரில் கரன்ட் போகாத நேரமாகப் பாருங்கள்.

நிறுவி தமிழிலும் கிடைக்கும். மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு பாட்டு, வீடியோ ஓட்டுவதற்கான மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும், டிக் அடித்துக்கொள்ளுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் இந்த இடத்தில் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லலாம். அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து அதே பாஸ்வேர்டைக் கேட்கும். பயந்து அணைத்துவிடாதீர்கள், என்ரோல் என்பதைத் தேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுத்தால் போய்விடும்.

பிறகு வருவதுதான் முக்கியமான திரை. டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா, நீங்களே பிரித்துக்கொள்வதா? முழுதாக மாறுகிறவர்கள் டிஸ்க்கை அழித்து நிறுவுவதை எடுங்கள். விண்டோஸ் வேண்டும் என்பவர்கள் பக்கத்தில் நிறுவுவதை. நீங்களே பிரித்துக்கொள்வதைப் புதியவர்கள் தொடாதீர்கள். கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால் எதை அழிக்கப் போகிறது என்று அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். காப்பி எடுத்து வைத்த வெளி டிஸ்க் செருகியபடியே இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள்.

உள்ளே டிஸ்க் இருந்தும் நிறுவிக்கு அது தெரியவில்லை என்றாலோ, இன்டெல் ஆர்எஸ்டி என்று புலம்பினாலோ, பெரும்பாலும் பயாஸில் சாட்டா மோட் (லேப்டாப் டிஸ்க்கோடு பேசும் முறை) ரெய்டில் இருக்கிறது என்று அர்த்தம். அதை ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். முழுதாக அழிக்கப் போகிறவர்கள் தயங்காமல் மாற்றலாம். விண்டோஸையும் வைத்திருப்பவர்கள் அப்படியே மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் நிற்கும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, அணைத்து, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்து, பிறகு இயல்புக்குத் திருப்ப வேண்டும்.

நிறுவல் ஏதோ ஒரு இடத்தில் உறைந்து அரை மணி நேரமாக அசையவில்லை என்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கெட்ட பென்டிரைவ், கெட்ட டிஸ்க், கெட்ட ராம். பென்டிரைவை மாற்றிப் பார்ப்பது எளிது, அங்கிருந்து தொடங்குங்கள்.

ஏறிய பிறகு

முதலில் தேதியைப் பாருங்கள். லேப்டாப்பை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடுகிறது என்றால் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி செத்துவிட்டது. தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளம் முதல் அப்டேட் வரை எதுவும் பாதுகாப்புச் சான்று சரியில்லை என்று திறக்காது. லினக்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஃபார்மட் அடித்தவர்களும் உண்டு. சிஆர்2032 பேட்டரி விலை மலிவுதான். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒயரோடு சேர்ந்து வரும், அதையும் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். முதல் முறை நேரமாகும்.

தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் (ibus-m17n) என்ற தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். அமைப்புகளில் இன்புட் மெத்தட் என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஃபொனடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். விசைப்பலகைப் பட்டியலிலும் தமிழ்99 என்று ஒன்று தெரியும், அதை எடுக்காதீர்கள். புள்ளி தானாக விழும் வசதி அதில் கிடைக்காது, பழகிய கைக்கு எரிச்சலாக இருக்கும்.

சித்தப்பாவின் கை டைப்ரைட்டரில் பழகியது. டைப்ரைட்டரைத் தேர்ந்து கொடுத்தேன். காப்பி எடுத்த எழுத்துருக்களைப் போட்டுவிட்டு, வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் லிப்ரே ஆபீஸில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறந்து காட்டினேன். எழுத்தெல்லாம் சரியாக வந்தது, பக்கத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கிவிட்டதை உடனே கண்டுபிடித்துவிட்டார். வேர்டில் செய்த வடிவமைப்பு லிப்ரே ஆபீஸில் இப்படிச் சற்று கலையத்தான் செய்யும். அடிக்கடி தேவைப்படும் மாதிரிகளை ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்து, புதிதாகச் சேமித்துவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவருக்கும் அதிலேயே போனது.